சிவப்பு மை

என் தம்பியின் வீட்டு மச்சில் ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி கிடந்தது. அதன் மூடியில் வெள்ளை வண்ணத்தால் எழுதப்பட்ட படைவீரர் எண்ணும் பெயரும் பாதி அழிந்தும் அழியாமலும் தெரிந்தன. பட்டாளத்தில் பணியாற்றியவர் எவர் இல்லத்திலும் இத்தகைய பெட்டி ஒன்றைக் காணலாம். பணி நிறைவுற்று ஊர் திரும்பியோர் வீட்டில் அது கூடத்தில் வீற்றிருக்கும். வருவோர் போவோர் கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே அங்கே வைத்திருப்பார்கள். என் தம்பியின் பெட்டியோ பதின்மூன்று ஆண்டுகளாகப் பழைய சாக்குகளுக்குப் பின்னால் ஒளிந்து கிடந்தது. 2016-ஆம் ஆண்டு தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை அதை நாங்கள் இருவரும் சேர்ந்து கீழே இறக்கினோம்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அறிவித்திருந்த இரக்கத்தின் யூபிலி ஆண்டு அது. எங்கள் பங்கில் ஒவ்வொரு ஞாயிறும் இரக்கத்தைப் பற்றியே மறையுரை. நானும் முன்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஆயினும் நான் அன்று தம்பியின் வீட்டுக்குச் சென்றது இரக்கத்தால் அன்று. அவன் மனைவி வந்து, "அத்தான், ஒரு மனு எழுதணும். நீங்க வாத்தியார், நீங்க எழுதினாத்தான் சரியா இருக்கும்" என்று கேட்டாள். மறுக்க இயலவில்லை. அவ்வளவே.

தம்பி 1989-இல், பத்தொன்பது வயதில் இராணுவத்தில் சேர்ந்தான். முதல் ஒன்பது ஆண்டுகள் அவனைப் பற்றி ஒரு குறைச்சொல் எழவில்லை. மாதந்தோறும் அம்மாவுக்கு மணியார்டர் வரும். இன்று நான் குடியிருக்கும் வீட்டின் பின்கட்டு அவன் பணத்தில் எழுந்ததே. 1998-இன் குளிர்காலத்தில் வடக்கே ஒரு பனிமலைக் காவல் நிலையில் அவன் இருந்தபோது, பக்கத்துக் கூடாரத்தின்மேல் பனி சரிந்து விழுந்தது. இவனும் தோழர்களும் மண்வாரிகளால் தோண்டினார்கள். வெளியே எடுக்கப்பட்டவர்களுள் ஒருவன், இவனோடு ஒரே நாளில் பயிற்சிக்குச் சேர்ந்தவன். அவன் பிழைக்கவில்லை. இதைத் தம்பி எங்களுக்குக் கடிதத்தில் எழுதவில்லை. விடுமுறையில் வந்தபோதும் சொல்லவில்லை. நான் அறிந்துகொண்டது பதினெட்டு ஆண்டுகள் கழித்து, அந்த மனுவை எழுதும்போதுதான்.

நாங்கள் கண்டதெல்லாம் அவன் குடிக்கத் தொடங்கியதை மட்டுமே. இதில் ஊரின் பங்கையும் நான் சொல்லியாக வேண்டும். விடுமுறையில் வரும் பட்டாளத்துக்காரனை எங்கள் ஊர் இரு கரம் நீட்டி வரவேற்கும். அவற்றுள் ஒரு கரம் கான்டீன் ரம் பாட்டிலுக்காக நீண்டிருக்கும். அவன் இறங்கிய அன்றே சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். நான் மதுவைத் தொட்டதில்லை. ஆனாலும் எங்கள் வீட்டுக்குக் கான்கிரீட் போட்ட நாளில் கொத்தனார்களுக்குக் கொடுப்பதற்காக அவனிடம் இரண்டு பாட்டில் கேட்டு வாங்கினேன். பின்னாளில் அவன் தள்ளாடி நடந்தபோது, திண்ணையில் அமர்ந்து ஏளனம் செய்தவர்களும் அவனிடம் வாங்கிக் குடித்தவர்களும் ஒரே ஆட்கள்தாம்.

1999 டிசம்பர் முதல் 2002 வரை நான்கு முறை அவன் தண்டிக்கப்பட்டான். மூன்று குற்றங்கள் குடிபோதையால் நேர்ந்தவை. அவற்றுள் ஒன்றில் மேலதிகாரியை எதிர்த்துப் பேசியதும் சேர்ந்திருந்தது. மற்றொன்று, விடுமுறை முடிந்தும் இருபத்து மூன்று நாட்கள் திரும்பாமல் இருந்தது. போதையில் இருத்தலை 1950-ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம் பணிநேரத்தில் மட்டுமன்றி, பணியில் இல்லாதபோதும் குற்றமாகவே கருதுகிறது. கடுமையான தண்டனைகள் வீரனின் நடத்தைப் பதிவேட்டில் சிவப்பு மையால் எழுதப்படும். நான்கு சிவப்புப் பதிவுகள் சேர்ந்துவிட்டால் அவனை வேண்டாதவன் என்று விடுவிப்பது வழக்கம். 2002 டிசம்பரில் என் தம்பி அவ்வாறு விடுவிக்கப்பட்டான்.

ஊரார் இதை 'டிஸ்மிஸ்' என்றார்கள். சட்டத்தில் 'டிஸ்மிஸ்' வேறு, 'டிஸ்சார்ஜ்' வேறு. முன்னது தண்டனை, பின்னது இனி உன் பணி தேவையில்லை என்று அனுப்பிவிடுவது. ஆனால் சாதாரணப் படைவீரன் ஓய்வூதியம் பெற 15 ஆண்டுப் பணி வேண்டும். தம்பிக்கு இருந்தது 13 ஆண்டும் 4 மாதமும். இன்னும் 20 மாதம் இருந்திருந்தால் வாழ்நாள் முழுதும் அவன் குடும்பத்துக்கு ஓர் ஆதரவு இருந்திருக்கும். அவனுக்கு அப்போது வயது முப்பத்து மூன்று; இரண்டு பெண் குழந்தைகள்.

அவன் ஊர் திரும்பினான்; குடி நிற்கவில்லை. அம்மாவின் கம்மல் அடகுக்கடைக்குப் போனது. ஒருநாள் அம்மாவைக் கீழே தள்ளிவிட்டான். அன்றிரவு நான் அவனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஒரே தெருவில் குடியிருந்தும் நேரில் பேச மனமின்றி எழுதினேன். இனி இந்த வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது, அம்மா உயிரோடு இருக்கும்போதும் சரி, அதன் பிறகும் சரி என்பது அதன் சாரம். அம்மாவைக் காக்க வேண்டியது என் கடமையாக இருந்தது. அதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் 'அதன் பிறகும்' என்று எழுதியது கடமை அன்று. அது கோபம்.

2007-இல் அம்மா இறந்தார்கள். கோவிலில் திருப்பலி முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். எல்லாரும் ஒரு பிடி மண் போட்டார்கள். தம்பி வாசலுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றான். நான் பார்த்தேன், அழைக்கவில்லை. நாங்கள் வீடு திரும்பிய பிறகு அவன் உள்ளே வந்து இருட்டும்வரை உட்கார்ந்திருந்ததாகக் குழி வெட்டியவர் மறுநாள் என்னிடம் சொன்னார். நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை.

2010-இல் அருட்சகோதரிகள் நடத்தும் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் அவன் மனைவி அவனைச் சேர்த்தாள். இருமுறை தவறினான், மூன்றாம் முறை நிலைத்தான். குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் குழு ஒன்று வாரந்தோறும் பங்குப் பள்ளியின் ஓர் அறையில் கூடுகிறது. அங்கே அவன் தவறாமல் செல்லத் தொடங்கினான். மதுவுக்கு அடிமையாதலை உலக நலவாழ்வு நிறுவனம் நோய்களின் பட்டியலில் வைத்திருக்கிறது என்பதை அங்கேதான் அவன் முதன்முதலாகக் கேட்டானாம். "நோய்னு சொன்னா தப்பு இல்லேன்னு ஆயிடாது அண்ணே. ஆனா மருந்து உண்டுன்னு ஆச்சு" என்று பின்னொரு நாள் என்னிடம் சொன்னான்.

2015 அக்டோபரில் வீரேந்திர குமார் துபே என்னும் படைவீரரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. நான்கு சிவப்புப் பதிவுகள் இருப்பதனாலேயே ஒருவரை விடுவித்துவிட முடியாது; முதற்கட்ட விசாரணை நடத்தி, எல்லாவற்றையும் எடைபோட்டே முடிவு செய்யவேண்டும் என்பது அதன் உட்கருத்து. முன்னாள் படைவீரர் ஒருவர் இச்செய்தியைத் தம்பிக்குச் சொல்லியிருந்தார். 2007-ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்து, 2009 முதல் செயல்பட்டுவரும் ஆயுதப் படைகள் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளையில் முறையிடலாம் என்று ஒரு வழக்கறிஞரும் கூறினார். அதற்கான விவரக் குறிப்பை எழுதத்தான் நான் அழைக்கப்பட்டேன்.

நான் எழுதிய முதல் வரைவு அழகாக இருந்தது. நற்பண்புடைய வீரன் ஒருவன்மீது வீண்பழி சுமத்தப்பட்டதாகவும், உடல்நலக் குறைவைப் போதை என்று தவறாகக் கருதிவிட்டதாகவும் எழுதினேன். பத்து ஆண்டுகளுக்கு மேல் அவனைக் குடிகாரன் என்று சொல்லிவந்த நானே, ஓய்வூதியம் என்றவுடன் அவனைக் குடிக்காதவன் ஆக்கிவிட்டேன். தம்பி முழுவதையும் பொறுமையாகப் படித்தான். பிறகு சொன்னான்:

"இதுல நான் இல்லையே அண்ணே. நான் குடிச்சேன். நாலு தடவையும் குத்தம் என்னோடதுதான். குடிச்சேன்னே எழுதுங்க. பொய் எழுதி வாங்குற பென்சன் எனக்கு வேண்டாம்."

எனக்குச் சினம் வந்தது. வழக்கறிஞரிடம் கேட்டபோது அவர் தம்பியின் பக்கமே நின்றார். குற்றம் நடக்கவில்லை என்று மெய்ப்பிப்பதற்காக நாம் போகவில்லை. நடந்த குற்றத்தை எடைபோட்ட தராசில் மறு தட்டு காலியாக இருந்தது என்று சொல்லப் போகிறோம் என்றார். பிறகு இராணுவத் தலைமையகம் 1988 டிசம்பர் 28 அன்று வெளியிட்ட நடைமுறைக் கடிதம் ஒன்றைக் காட்டினார். உச்ச நீதிமன்றம் எடுத்தாண்ட கடிதம் அதுதான். நான்கு சிவப்புப் பதிவுகள் இருந்தால் விடுவித்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒவ்வொரு குற்றமும் எத்தகையது என்று பார்க்க வேண்டும். ஓய்வூதியத் தகுதியை நெருங்கியவர்களிடம் கடுமை காட்டலாகாது. நீண்ட பணியையும், கடினமான இடங்களில் பட்ட துன்பத்தையும் கருத வேண்டும் என்று அது கூறுகிறது. தம்பி பட்டாளத்தில் சேர்வதற்கு முந்தைய ஆண்டிலேயே அவனுக்கான இரக்கம் எழுத்தில் இருந்திருக்கிறது. அவனுடைய காரியத்தில் அதை எடுத்துப் பார்த்தவர் இல்லை. நான் எழுதிய கடிதத்திலோ அப்படி ஒரு வரிகூட இல்லை.

பணிப் பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டோம். சில மாதங்களில் ஒளிநகல்கள் வந்தன. அவற்றைப் பிரித்தபோது நான் தேடியது சிவப்பு எழுத்துகளை. காணவில்லை. ஒளிநகலில் சிவப்பும் கறுப்பாகவே விழுந்திருந்தது. காவல் நிலைகளில் பணியாற்றிய நாட்கள், பெற்ற பயிற்சிகள், பனிச்சரிவுக்குப் பிறகு மருத்துவமனையில் கழித்த ஒன்பது நாட்கள், நான்கு தண்டனைகள் எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தன. எது தண்டனை, எது பணி என்பதை அறிய ஒவ்வொரு வரியையும் படித்தாக வேண்டியிருந்தது. அவ்வாறு படித்தபோதுதான் 1998-க்கு முன் ஒரு தண்டனையும் இல்லை என்பது என் கண்ணில் பட்டது. "அந்த வருசம் என்ன நடந்தது?" என்று கேட்டேன். அவன் பனிச்சரிவைப் பற்றிச் சொன்னான். தோண்டும்போது முதலில் தெரிந்தது நண்பனின் கையுறை என்றான். அதற்குமேல் சொல்லவில்லை.

இத்தகைய மறுபார்வை நம் நாட்டில் மட்டும் நடப்பதன்று. அமெரிக்காவில் வியட்நாம் போர்க்காலம் முதலே போதைப் பழக்கத்தாலும் ஒழுங்கீனத்தாலும் மரியாதையற்ற முறையில் விடுவிக்கப்பட்ட வீரர்கள் பலர் உண்டு. போர் அதிர்ச்சியால் மனம் காயமுற்றவர்களின் மனுக்களைப் பரந்த மனத்தோடு பார்க்குமாறு 2014 செப்டம்பரில் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் சக் ஹேகல் மறுபார்வை வாரியங்களுக்கு அறிவுறுத்தினார். 2017 ஆகஸ்டில் வந்த விளக்கம் நான்கு கேள்விகளை முன்வைக்கிறது. தவற்றைத் தணிக்கக்கூடிய நோயோ நிகழ்வோ அவருக்கு உண்டா? அது பணிக்காலத்தில் நேர்ந்ததா? அது உண்மையாகவே அந்தத் தவற்றைத் தணிக்கிறதா? தணித்தபின் எஞ்சும் தவற்றைவிட அது கனமானதா? மனநோயின் வேதனையை ஆற்றிக்கொள்ளப் போதையைத் தேடுவதும் கருதத்தக்கதே என்று அது கூறுகிறது. முன்பே திட்டமிட்டுச் செய்த குற்றத்துக்கு இந்தச் சலுகை எளிதில் கிடைப்பதில்லை.

இந்த நான்கு கேள்விகளையும் படித்தபோது, ஒப்புரவு அருட்சாதனத்துக்கு முன் நாம் செய்யும் ஆன்ம சோதனை என் நினைவுக்கு வந்தது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஆன்ம சோதனையில் நம் பாவத்தைத் தேடுகிறோம். இங்கே அடுத்தவரின் பாவத்துக்குள் அவருடைய காயத்தைத் தேடச் சொல்கிறார்கள். முன்னதை நான் சிறுவயது முதல் செய்துவந்திருக்கிறேன். பின்னதை ஒரு நாளும் செய்ததில்லை. தம்பியைப் பற்றி இந்த நான்கில் ஒன்றையேனும் நான் கேட்டிருந்தேனா?

நோயாளிகளின் பாதுகாவலரான புனித கமில்லுஸ் தெ லெல்லிஸின் வரலாறும் அந்நாட்களில் எனக்குப் புதிதாய்ப் பட்டது. 1550-இல் பிறந்த அவர் ஒரு படைவீரர், சூதாடி. காலில் ஆறாத புண்ணோடு உரோமை நகரின் சான் ஜாக்கோமோ மருத்துவமனைக்கு வந்து பணியாளராகவும் இருந்தார். சண்டைக்குணத்தாலும் சூதாட்டத்தாலும் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். 1575-இல் மனம் திரும்பிய பிறகு அதே மருத்துவமனைக்குத் திரும்பினார்; நாளடைவில் அதன் மேற்பார்வையாளராகவே உயர்ந்தார். கமில்லுஸின் மனமாற்றத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். ஒருமுறை வெளியேற்றியவனுக்கு மறுபடியும் கதவைத் திறந்த அந்த மருத்துவமனையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தக் கதவு திறக்காதிருந்தால் திருச்சபைக்கு இந்தப் புனிதர் கிடைத்திருப்பாரோ என்னவோ.

மருத்துவமனைச் சீட்டு ஒன்று வேண்டும் என்று வழக்கறிஞர் கேட்டபோது இரும்புப் பெட்டியை இரண்டாம் முறை திறந்தோம். சீட்டைத் தேடி அடிவரை துழாவினேன். டிஸ்சார்ஜ் புத்தகத்தின் உறைக்குள், நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. பிரித்தேன். என் கையெழுத்து. 2003-இல் நான் எழுதிய கடிதம்.

"இதை எதுக்குடா வச்சிருக்கே?" என்று கேட்டேன்.

"அதுவும் ஆர்டர்தானே அண்ணே. அது ஒண்ணு, இது ஒண்ணு. சேர்த்து வச்சேன்."

ஒரு விசாரணையுமின்றி நான் பிறப்பித்த ஆணை அது. படைப்பிரிவின் ஆணையை எதிர்த்து முறையிட ஒரு தீர்ப்பாயம் இருந்தது. என் ஆணையை எதிர்த்து அவன் எங்கே போயிருக்க முடியும்? தரையில் அமர்ந்தபடியே, "அம்மா அடக்கத்துக்கு உன்னை உள்ளே கூப்பிடாதது நான் செஞ்ச பாவம். மன்னிச்சிரு" என்றேன். வீட்டில் மூத்தவனாகப் பிறந்தவனுக்கு அந்தச் சொல் எளிதில் வருவதில்லை.

அவன் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "அன்னைக்கும் நான் குடிச்சிருந்தேன் அண்ணே. உள்ளே வந்திருந்தா என்ன செஞ்சிருப்பேனோ. நீங்க கூப்பிடாததும் ஒரு வகைக்கு நல்லதுதான்" என்றான்.

என்னை ஆறுதல்படுத்த அவன் சொல்லவில்லை. மனுவில் பொய் எழுத மறுத்த அதே நேர்மையோடு சொன்னான். ஆனால் அவன் அன்று குடித்திருந்தான் என்பது எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் அழைக்காமல் இருந்தேன். ஆகவே அவனுடைய குற்றம் என் குற்றத்தைக் கழித்துவிடாது. இரண்டும் தனித்தனியே இருக்கின்றன. இரண்டையும் நாங்கள் இருவரும் ஒருவர் முன் ஒருவர் சொல்லிக்கொண்டோம்.

மனுவைப் புதிதாக எழுதினேன். நான்கு குற்றங்களையும் நாள் குறிப்பிட்டு ஒப்புக்கொண்டோம். பனிச்சரிவையும் மருத்துவமனை நாட்களையும் எழுதினோம். குறைவாயிருந்த 20 மாதங்களையும், முதற்கட்ட விசாரணை நடைபெறாததையும் எழுதினோம்.

2018-இல் ஆணை வந்தது. காலதாமதத்தைத் தீர்ப்பாயம் மன்னித்தது. 15 ஆண்டு நிறையும்வரை அவன் பணியில் இருந்ததாகக் கணக்கில் கொண்டு ஓய்வூதியம் வழங்கப் பணித்தது. வேலை செய்யாத மாதங்களுக்குச் சம்பளம் இல்லை. நிலுவையும் மனுச் செய்த நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே. சிவப்புப் பதிவுகள் நீக்கப்படவில்லை. நீக்க வேண்டும் என்று அவன் கேட்கவும் இல்லை. எல்லாருக்கும் இவ்வாறு கிடைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். 2019-இல் இதைவிட அதிகமான சிவப்புப் பதிவுகள் கொண்ட வேறொருவரின் வழக்கில், விடுவித்தது சரியே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுபார்வை என்பது மன்னிப்புக்கு உறுதிச்சீட்டு அன்று. ஒரு மனிதனின் ஏட்டை எல்லா வரிகளோடும் இன்னொரு முறை படிப்பது. அவ்வளவே அதில் அடங்கியிருப்பது. படித்த பின்னும் தண்டனை நிலைக்கலாம். ஆயினும் படிக்கப்பட வேண்டும் என்பது அவனுடைய உரிமை. நீதிமன்றத்தில் மட்டுமன்று, குடும்பத்திலும்.

அவ்வாண்டு நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, தம்பியும் நானும் ஒன்றாகத் தோட்டத்துக்குச் சென்றோம். அம்மாவின் குழிமேட்டில் புல் செதுக்கி, புதுமண் இட்டு, மெழுகுவர்த்தி ஏற்றினோம். குரு வந்து அர்ச்சித்துப் போன பிறகு தம்பி குனிந்து ஒரு பிடி மண் எடுத்து மேட்டின்மேல் போட்டான். பதினோரு ஆண்டு தாமதம். நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

இரும்புப் பெட்டி இப்போது அவன் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அதனுள் டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கிறது. தீர்ப்பாயத்தின் ஆணை இருக்கிறது. என் கடிதத்தை வாங்கிக் கிழித்துவிட வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். "இருக்கட்டும் அண்ணே" என்றான். அதுவும் உள்ளே இருக்கிறது.